குறைந்த தீமைக்கு இரண்டாம் எண்: இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் வாக்காளரின் இக்கட்டு

2010 ஜனவரி 26ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டத்தில் 113,877 பேர் சரத் பொன்சேகாவுக்கு வாக்களித்தனர். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் போரை நடத்திய இராணுவத்தின் தளபதி அவர். எதிரே நின்றவர் அப்போருக்கு ஆணையிட்ட ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. குறைந்த தீமையைத் தேர்வது முறையா என்ற கேள்வியை மெய்யியல் வகுப்பறையில் எத்தனை விதமாகவும் எழுப்பலாம். இவ்வளவு கொடிய வடிவில் அதைச் சந்தித்த வாக்காளர்கள் உலகில் மிகச் சிலரே. ஆகவே அந்த அனுபவத்திலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

என் வாதம் இது. குறைந்த தீமைக்கு வாக்களிப்பது பிழையன்று. ஆனால் வாக்குச்சீட்டில் அதற்குரிய இடம் இரண்டாவது. முதலிடத்தை அதற்குக் கொடுத்துப் பழகிய சமூகம் பேரம் பேசும் வலுவை இழக்கிறது. எந்த இடத்தையும் கொடுக்க மறுக்கும் சமூகம் தன் மறுப்பு வாசிக்கப்படும் என்ற உறுதியின்றியே மறுக்கிறது.

அமெரிக்காவில் இந்த விவாதம் பெரும்பாலும் முட்டுச்சந்தில் நிற்கக் காரணம் அங்குள்ள வாக்குச்சீட்டே. 1956இல் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ், இரு கட்சிகளும் ஒரே தீமையின் இரு பெயர்கள் என்று கருதித் தாம் வாக்களிக்கப் போவதில்லை என 'த நேஷன்' இதழில் எழுதினார். 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் ஜோர்ஜ் புஷ் 537 வாக்குகளால் வென்றார். அங்கே மூன்றாமவரான ரால்ஃப் நாடருக்கு 97,488 வாக்குகள் விழுந்திருந்தன. நாடரை விரும்பியவர்களில் அடுத்தபடியாக புஷ்ஷின் எதிராளி அல் கோரை ஏற்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதைச் சொல்ல அந்தச் சீட்டில் இடமில்லை. ஒரே ஒரு அடையாளம்தான் இடலாம் என்னும்போது மனச்சாட்சியும் விளைவும் ஒன்றையொன்று தின்கின்றன.

இலங்கையில் நிலைமை வேறு. 1978 அரசியலமைப்பும் 1981இன் ஜனாதிபதித் தேர்தல் சட்டமும் வாக்காளருக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டு விருப்பு வரிசை காட்டும் உரிமையைத் தந்துள்ளன. எவரும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவர் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகள் மீண்டும் எடுக்கப்படும். இரண்டாம் எண் முதலிருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும், இல்லாவிட்டால் மூன்றாம் எண் பார்க்கப்படும். ஆகவே தன் மனத்துக்குரியவருக்கு 1ஐயும் பெருந்தீமையைத் தடுக்கக்கூடியவருக்கு 2ஐயும் எழுதுபவர் வாக்கைச் சிதறடிப்பதில்லை. பெருந்தீமை பாதிக்கோட்டைத் தாண்டிவிட்டால் அவர் எப்படி வாக்களித்திருந்தாலும் பயனில்லை. தாண்டாவிட்டால் அவருடைய 2 உயிர் பெறுகிறது. மூன்றாமவர் குறைந்த தீமையையே மூன்றாமிடத்துக்குத் தள்ளிவிடும் அளவுக்கு வளர்ந்தால் மட்டுமே கணக்கு மாறும். அந்த நிலை இதுவரை வந்ததில்லை. நாடு தழுவிய எண்ணிக்கையில் ஒரு தமிழ் வேட்பாளருக்கு வரும் வாய்ப்பும் இல்லை.

இந்த வசதி முதல் தேர்தலிலேயே இருந்தது. 1982இல் யாழ் மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் 87 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். அவருக்கு நெருக்கமாக, 77 ஆயிரத்துக்கு மேல் பெற்று நின்றவர் சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போன காலத்தைக் குடாநாட்டு விவசாயிகள் மறந்திருக்கவில்லை. அப்போது விவசாய அமைச்சராக இருந்தவர் அவர். தன் இனத்தின் குரலும் தன் தோட்டத்தின் கணக்கும் அந்தத் தேர்தலில் இரண்டு வேட்பாளர்களாகப் பிரிந்து நின்றன. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதலாம் என்பது நம் அரசியல் பேச்சின் பகுதியாக ஆகவேயில்லை. புள்ளடி ஒன்றோடு நாம் நின்றுவிட்டோம்.

அதன் விலை 2005 நவம்பரில் தெரிந்தது. மகிந்த ராஜபக்ச 4,887,152 வாக்குகள், அதாவது 50.29 வீதம் பெற்றார். ரணில் விக்கிரமசிங்கவுடனான இடைவெளி 180,786. யாழ் மாவட்டத்தில் பதிவாகியிருந்த 701,938 பேரில் வாக்களித்தவர்கள் 8,524 பேர் மட்டுமே. இதை மக்களின் சுதந்திரமான பகிஷ்கரிப்பு என்று எழுதிவிட முடியாது. விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு நிலைப்பாடு தெளிவாக இருந்தது, அச்சம் நிலவியதைக் கண்காணிப்பாளர்களும் பதிவுசெய்தார்கள். ஆனால் கணக்கை மட்டும் பாருங்கள். மேலும் ஏறத்தாழ 57,300 பேர் மற்றப் பன்னிரண்டு வேட்பாளர்களில் யாருக்கேனும் வாக்களித்திருந்தால் ராஜபக்ச பாதிக்குக் கீழே போயிருப்பார், இரண்டாம் எண்ணிக்கை தொடங்கியிருக்கும். ரணிலை முதலிடத்தில் வைக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இருந்திருக்காது. ரணில் வென்றிருந்தால் போர் மூண்டிருக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வரலாறாகாது. இரண்டு பேரும் ஒன்றுதான் என்ற வாக்கியத்தைக் கணக்கெடுப்பு மேசை ஒரு தரப்புக்குச் சாதகமாகவே மொழிபெயர்த்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

2015 ஜனவரியில் நாம் மறுகோடிக்குப் போனோம். ராஜபக்சவை எதிர்த்து நின்ற மைத்திரிபால சிறிசேனவுக்கு யாழ் மாவட்டம் 253,574 வாக்குகளைக் கொடுத்தது. நாடு முழுவதிலும் அவருடைய முன்னிலை 449,072 மட்டுமே. கிடைத்தது என்ன? வடக்குக்குச் சிவில் ஆளுநர் வந்தார். வலிகாமம் வடக்கில் காணிகள் சில விடுவிக்கப்பட்டன. அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் நிறைவேறியது. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. இவற்றைச் சிறியவை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் போனோரின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, தகரக் கொட்டிலுக்குள் நாட்கணக்காக, பின்னர் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். முந்தைய ஆட்சியில் அப்படித் தொடர்ந்து தெருவோரத்தில் உட்கார்ந்திருக்க முடிந்திராது. உட்கார முடிந்தது, பதில் வரவில்லை. குறைந்த தீமைக்கும் பெருந்தீமைக்கும் இடையிலான தூரத்தை இதைவிடத் துல்லியமாக அளக்கும் கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தூரம் உண்மையானது. அதை இல்லை என்பவர் அந்தக் கொட்டிலுக்குள் ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும்.

ஆனால் 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி அதே சிறிசேன, யாரைத் தோற்கடிக்க மக்கள் அவரைத் தேர்ந்தார்களோ அதே ராஜபக்சவைப் பிரதமராக நியமித்தார். அப்போது தமிழ்த் தரப்பின் கையில் காட்டுவதற்கு ஓர் எழுத்துமூல உடன்பாடு இருக்கவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2014 டிசம்பர் இறுதியில் ஆதரவை அறிவித்தபோது பகிரங்க நிபந்தனை எதையும் முன்வைக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தமிழரோடு ஒப்பந்தம் என்ற செய்தி தெற்கில் சிறிசேனவின் வாக்குகளைக் கரைத்திருக்கும். நம் வாக்கு தேவைப்பட்டது, நம் கோரிக்கை மட்டும் மறைத்து வைக்கப்பட வேண்டியிருந்தது. அமெரிக்கக் கறுப்பின வாக்காளர்களைப் பற்றி பால் ஃபிரைமர் 1999இல் வெளியிட்ட நூல் காட்டும் நிலையும் இதுவே: வேறு போக்கிடமில்லாத வாக்கைக் கட்சி சிறைப்பிடித்த வாக்காக நடத்தும், ஊசலாடும் பெரும்பான்மையினரையே குளிர்விக்கும். முதலாம் எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிட்டவரிடம் யாரும் விலை கேட்பதில்லை.

வாக்களிக்கவே கூடாது என்ற தரப்பின் வாதமும் மதிக்கத்தக்கதே. ஒற்றையாட்சி அரசியலமைப்பின் கீழ் எந்த வேட்பாளரைத் தேர்ந்தாலும் அந்த அமைப்புக்கே ஒப்புதல் கொடுக்கிறோம் என்கிறார்கள். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி இதைத் தொடர்ச்சியாகச் சொல்லி வந்திருக்கிறது. என் மறுப்பு ஒன்றுதான்: மறுப்பவரின் மௌனத்தை எப்படி வாசிப்பது? 2010இல் யாழ் மாவட்ட வாக்களிப்பு ஏறத்தாழ 26 வீதம். வராதவர்களில் கொள்கையால் வராதவர் யார், முகாமில் இருந்தவர் யார், கனடாவுக்குப் போய்ப் பெயர் மட்டும் இடாப்பில் இருந்தவர் யார்? எல்லோரும் ஒரே வெற்றிடமாகிவிடுகிறார்கள். தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 2024இல் பெற்ற 226,343 வாக்குகள் அப்படிப்பட்டவையல்ல. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது ஓர் எண், யாரும் அதை வேறு பொருளில் வாசிக்க முடியாது.

அந்த 2024 தேர்தல்தான் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனது. முதல் சுற்றில் அனுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. நீக்கப்பட்டவர்களிடம் இருந்தவை 33 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள். அவற்றில் அனுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினாலும் நூற்றுக்கு எட்டளவுதான். மீதி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் இறுதித் தெரிவில் எதுவும் பேசவில்லை. இறுதி இடைவெளியோ சுமார் 12 இலட்சம். கற்பிக்கப்படாத உரிமையின் அளவு இது. தெற்கிலும் வடக்கிலும் ஒன்றுபோல.

இனி ஒரு தமிழ் வேட்பாளர் நின்றால், அவரது அணி செய்ய வேண்டிய வேலை தேர்தலுக்கு முந்திய கிழமைக்கு உரியது. முதலிருவராக வரக்கூடியவர்களிடம் இரண்டோ மூன்றோ கோரிக்கைகளை எழுத்தில் கேட்க வேண்டும்: இன்ன காணி, இன்ன கைதிகள், இன்ன திகதிக்குள் மாகாண சபைத் தேர்தல். பதிலைப் பொறுத்து 2 யாருக்கு என்று அறிவிக்கலாம், பதிலே வராவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சொல்லலாம். தெற்கு வேட்பாளருக்கும் இதில் ஆறுதல் உண்டு. அவர் நம் முதல் தெரிவல்ல என்பதை அவரே தன் மேடையில் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு முன் ஊர் ஊராக மாதிரி வாக்குச்சீட்டு கொண்டுபோய், 1 எங்கே, 2 எங்கே என்று கையைப் பிடித்து எழுதிக் காட்ட வேண்டியிருக்கும். 2019இல் அந்தச் சீட்டு 35 பெயர்களோடு 26 அங்குல நீளம் இருந்தது. கண் மங்கிய முதியவருக்கு ஒரு பெயரைக் கண்டுபிடிப்பதே பாடு. இரண்டு பெயர்களைக் கண்டுபிடித்து வரிசைப்படி எண்ணிடச் சொல்லிக் கொடுக்க இரண்டு மூன்று மாலைப்பொழுதுகளாவது வேண்டும்.