குறிஞ்சி கணித்த காலம்

குறிஞ்சியின் பெயரால் மலைநிலத்தையே வழங்கிய நம் முன்னோர், அத்திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தனர்; அந்நிலத்தைப் பாட வந்த கபிலரோ, தலைவியும் தோழியும் பறித்துப் பாறைமேல் குவித்த மலர்களென்று 99 பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கி, அவற்றுள் குறிஞ்சியையும் ஒன்றாக வைத்தார். அப்பெயர்களுள் எது எச்செடி என்று நிர்ணயிப்பது பிற்காலத்தார்க்குப் பெரும் பிரயாசையாயிற்று, அப்பணியில் பி.எல். சாமி, தாவர சாஸ்திரத்தையும் சங்கச் செய்யுளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த உழைப்பு என்றும் போற்றத்தக்கது.

நீலகிரியிலும் பழனிமலையிலும் மூணாற்றுப் பக்கத்திலும் புல்வெளிச் சரிவுகளில் இடுப்பளவு வளரும் குறிஞ்சிப் புதர், எதிரெதிராக இலை விட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் பூவின்றியே நின்று, பின் ஒரே பருவத்தில் மலை முழுதும் மணிவடிவப் பூக்களைக் கதிர்கதிராகத் தாங்கும். வெளிறிய நீலமாய் விரிந்த பூ முதிர முதிர ஊதாவாகும். ஆவணி முதல் ஐப்பசி வரை தேனீக்கள் மொய்க்க, விதை முற்றியதும் செடி மடிந்துவிடும். அடுத்த பூப்பு அவ்விதையிலிருந்து எழும் சந்ததியினுடையது.

ஜெர்மானிய அறிஞர் நீஸ் 1832இல் இச்செடியை நூலேற்றினார். 1838 முதல் பூத்த ஆண்டுகள் குறிக்கப்பட்டு வருகின்றன. ஆயினும், இந்தக் காலக்கணிதத்தில் முதல் மரியாதை, குறிஞ்சி பூத்த தடவைகளைக் கொண்டே தம் வயதை எண்ணிய மலைக்குடிகளான முதுவருக்கும் பளியருக்கும் உரியது என்பதே என் திடமான அபிப்பிராயம். ஏட்டின் துணையின்றி, ஆயுளில் நாலைந்து முறையே காணக்கூடிய ஒன்றைத் தலைமுறைதோறும் நினைவில் காத்தவர்கள் அவர்களே. இப்பூவின் பெயர் வழிபாட்டிலும் இடம்பெற்றது: கோடைக்கானலில் முருகனைக் குறிஞ்சி ஆண்டவராக வழிபடும் ஆலயத்தை, இலங்கைப் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் 1936இல் எழுப்பினார்.

குறிஞ்சியின் இனத்தில் வேறு செடிகளும் பல உண்டு. அவற்றுள் சில ஆண்டுதோறும், சில வேறு இடைவெளிகளில் பூப்பதால், நீலப்பூவைக் கண்டவுடன் அதுவே குறிஞ்சி என்று துணிவது பிழையாக முடியும். 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்த வரிசைப்படி அடுத்தது 2030 ஆகும். தேயிலையும் யூகலிப்டசும் சீகை மரமும் புல்வெளியை விழுங்கிய சரிவுகளில் அந்த ஆண்டு வந்தாலும் பூ இராது. ஆகவே எஞ்சிய புல்வெளிகளைக் காப்பதே இப்போது செய்யத்தக்க முதற்காரியம்.