டிலிங்கிட் மொழியும் மரச்செதுக்குக் கலையும்: அருட்பணி வரலாற்றில் ஓர் அத்தியாயம்

அருட்பணி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மிஷனெரிகள் நிறுவிய பள்ளிகளையும் ஆலயங்களையும், அவர்கள் மொழிபெயர்த்த திருமறைப் பகுதிகளையும் கணக்கிட்டு அம்மட்டில் நின்றுவிடுவர். அப்பணியினூடே ஒரு மக்களினத்தார் எவற்றை இழந்தனர், இழந்தவற்றை யார் எவ்வாறு மீண்டும் திரட்டினர் என்பனவும் அதே வரலாற்றின் பகுதிகள் என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் டிலிங்கிட் மக்களின் வரலாற்றை இங்கு ஆராய முற்படுவது இக்காரணம் பற்றியே.

டிலிங்கிட் மக்கள் கடலையும் காட்டையும் நம்பி வாழ்ந்தவர்கள். சமுதாயம் முழுவதும் அண்டங்காக்கை, கழுகு என்னும் இரு பெரும் பிரிவுகளாக அமைந்திருக்கிறது. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். திருமணம் எதிர்ப்பிரிவில்தான் நடைபெற வேண்டும் என்பது பழைய மரபு. ஒவ்வொரு குலத்திற்கும் தனக்கே உரிய சின்னங்களும் பெயர்களும் பாடல்களும் கதைகளும் இடங்களும் உண்டு. இவை அனைத்தையும் சேர்த்து 'அட்ஊ' என்பர். குலத்திற்கு உரிமையானது என்பது அதன் பொருள். செதுக்கப்பட்ட தலையணி எவ்வாறு குலச்சொத்தோ அவ்வாறே அதைப்பற்றிய கதையும் குலச்சொத்து. பிறர் அதனை இசைவின்றி எடுத்துக் கூறுவது களவுக்கு ஒப்பாகும். இக்கருத்தை மனத்திற் கொள்ளாமல் பின்வரும் எதனையும் விளங்கிக்கொள்ள இயலாது.

இம்மக்களிடையே முதலிற் சென்ற கிறிஸ்தவத் திருச்சபை ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையாகும். 1834இல் சிட்காவுக்கு வந்த இவான் வெனியாமினோவ் என்னும் குரு அவர்கள் மொழியைக் கற்க முயன்றார். அம்மொழி பற்றிய அவருடைய குறிப்புகள் 1846இல் அச்சாயின. 1867இல் அலாஸ்கா அமெரிக்க ஐக்கிய நாட்டின் கைக்கு மாறியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1877இல், பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் ஷெல்டன் ஜாக்சன் ராங்கல் ஊரில் பணியைத் தொடங்கினார். மறு ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தவர் எஸ். ஹால் யங். திருமறையை டிலிங்கிட் மொழியில் பெயர்ப்பதற்கு யங் உடன்படவில்லை. கிறிஸ்தவக் கருத்துகளைத் தாங்கும் ஆற்றல் அம்மொழிக்கு இல்லை என்றும், பழைய நம்பிக்கைகளோடு பழைய மொழியும் மறைவதே நலம் என்றும் அவர் கருதினார். தாய்மொழியில் திருமறை என்பதைச் சீர்திருத்தத்தின் முதற்கனியாகப் போற்றும் மரபில் வந்த ஒருவர் இவ்வாறு எண்ணியது நமக்கு வியப்பளிக்கிறது. ஆனால் அவர் தனிமனிதராக இவ்வாறு எண்ணவில்லை. அக்கால அரசின் எண்ணமும் அதுவே. 1885இல் ஜாக்சன் அலாஸ்கா முழுமைக்கும் அரசின் கல்வி அதிகாரியாக நியமிக்கப்பட்டபோது திருச்சபையின் கொள்கையும் அரசின் கொள்கையும் ஒரே கையில் வந்து சேர்ந்தன. பள்ளிகளில் ஆங்கிலம் ஒன்றே பேசப்பட வேண்டும் என்றாயிற்று. தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்ற நினைவு பல தலைமுறைகளின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

அதே ஜாக்சன் தம் பயணங்களில் முகமூடிகளையும் கருவிகளையும் செதுக்குப் பொருள்களையும் ஆயிரக்கணக்கில் சேகரித்து, சிட்காவில் ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார். பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் காத்தவர், அப்பொருள்களின் பெயர் சொல்லும் நாவைப் பள்ளியில் அடக்கினார்! இதனை நாம் ஏளனமாகக் கூறவில்லை. அவ்வருங்காட்சியகத்தில் இருப்பவற்றுட் பல வேறெங்கும் இல்லை.

மக்களும் இதில் வெறும் பார்வையாளராக இருந்துவிடவில்லை. 1912இல் சிட்காவில் தோன்றிய அலாஸ்கா சுதேசிகள் சகோதரத்துவம் என்னும் அமைப்பின் முன்னோடிகளிற் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டேரியன் பள்ளியில் பயின்றவர்கள். குடியுரிமை பெறவும் நிலத்தைக் காக்கவும் ஆங்கிலமே கருவி என அவர்கள் முடிவு செய்தனர்; பழைய விருந்துகளையும் சடங்குகளையும் விட்டுவிடும்படி தம்மவரைத் தூண்டினர். அவர்கள் வென்றெடுத்த உரிமைகள் பெரியன. அவ்வெற்றிக்கு விலையாகச் சென்றவற்றுள் மொழியும் ஒன்று.

மொழியை எழுத்தில் பதிக்கும் பணி வெளியாரால் தொடங்கப்பட்டது. ஜான் ஸ்வான்டன் 1904இல் சிட்காவிலும் ராங்கலிலும் சில மாதங்கள் தங்கிக் கதைகளைத் திரட்டினார். 1909இல் அவை நூலாயின. ராங்கலில் கேட்டவை ஆங்கிலத்தில் மட்டுமே அந்நூலில் உள்ளன. மானிடவியல் அறிஞர் பிரான்ஸ் போவாஸ் 1917இல் வெளியிட்ட இலக்கணக் குறிப்புகளுக்கு ஆதாரமாயிருந்தவர் லூயி ஷாட்ரிட்ஜ் என்னும் டிலிங்கிட்காரர். நூலோ போவாஸின் பெயரில் வந்தது. ஷாட்ரிட்ஜின் வாழ்க்கை துயரம் மிகுந்தது. பிலடெல்பியா அருங்காட்சியகத்திற்காக அவர் தம் மக்களின் குலச்செல்வங்களையே விலைக்கு வாங்கினார். அங்கேனும் அவை அழியாதிருக்கும் என்று நம்பினார். அவற்றைத் திருப்பித் தருமாறு பிற்காலத்தில் குலத்தார் கேட்கலாயினர்.

1950களின் இறுதியில் கான்ஸ்டன்ஸ் நெய்ஷ், ஜிலியன் ஸ்டோரி என்னும் இரு ஆங்கிலேயப் பெண்கள், விக்ளிஃப் மொழிபெயர்ப்பாளர் இயக்கத்தின் சார்பில் அங்கூன் என்னும் ஊருக்குச் சென்றனர். நற்செய்தியை மொழிபெயர்ப்பதே நோக்கம். அதற்கு முதலில் எழுத்துமுறை வேண்டியிருந்தது. இம்மொழியின் ஒலியமைப்பு மிகக் கடினமானது. நாற்பதுக்கும் மேற்பட்ட மெய்யொலிகள் உண்டு. உள்நாக்கினருகே பிறப்பனவும், தொண்டையை அடைத்து வெடிப்பனவும், நாவின் இருபக்கமும் காற்றுக் கசிவனவும் அவற்றுட் சேரும். நம் குழந்தைகள் முதலில் ஒலிக்கும் 'ம', 'ப' ஆகியனவோ இதன் சொந்தச் சொற்களில் இல்லை எனலாம். அவ்விரு பெண்களும் ஊராரோடு ஆண்டுக்கணக்கில் உடனிருந்து எழுத்துமுறையை வகுத்தனர். பெயர்ச்சொல் அகராதியை 1963இலும் வினைச்சொல் அகராதியை 1973இலும் வெளியிட்டனர். இன்று டிலிங்கிட் முதியோரின் பேச்சுகளை அச்சிற் படிக்கும்போது நாம் காணும் எழுத்துகள், சிற்சில திருத்தங்களோடு, நற்செய்திப் பணிக்காக வகுக்கப்பட்டவையே. ஹால் யங் மூடிய கதவை எண்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு இரு மிஷனெரிகள் திறந்தனர் என்பதையும் நேர்மையோடு குறித்துவைக்க வேண்டும்.

அவ்வெழுத்தைக் கைக்கொண்டு பெரும்பணி ஆற்றியவர்கள் நோரா மார்க்ஸ் டாவென்ஹவர் அம்மையாரும் அவருடைய கணவர் ரிச்சர்டு டாவென்ஹவரும் ஆவர். நோரா 1927இல் பிறந்தவர். வீட்டு மொழி டிலிங்கிட். எட்டு வயதில் பள்ளி சென்ற பின்னரே ஆங்கிலம் கற்றார். தந்தை வில்லி மார்க்ஸ் மரச்செதுக்குக் கலைஞர். தாய் எம்மா மணிவேலைப்பாட்டில் வல்லவர். ஆகவே மொழியும் கலையும் அவருக்கு ஒரே வீட்டுச் செல்வம். ரிச்சர்டு அமெரிக்கக் கவிஞர். பல மொழிகள் பயின்றவர். ஜூனோ நகரில் 1980இல் நிறுவப்பட்ட சீலாஸ்கா பாரம்பரிய அமைப்பில் இருவரும் 1983 முதல் பல ஆண்டுகள் உழைத்தனர். 'ஹா ஷுகா' (1987), 'ஹா துவுனாகு யீஸ்' (1990), 'ஹா குஸ்தீயீ' (1994) என மூன்று பெருநூல்கள் வெளிவந்தன. முதலாவது கதைகள்; இரண்டாவது சொற்பொழிவுகள்; மூன்றாவது ஐம்பதுக்கு மேற்பட்ட முதியோரின் வாழ்க்கை வரலாறுகள். 'ஷுகா' என்பது நமக்கு முன் சென்றோரைக் குறிக்கும் சொல். இனி வரவிருப்போரையும் குறிக்கும். தமிழில் 'முன்' என்பது முன்னோரையும் சுட்டி, முன்னே கிடக்கும் வழியையும் சுட்டுவதை ஒப்பிட்டு நாம் இதனை எளிதில் உணரலாம்.

அவர்கள் கையாண்ட முறை கவனத்திற்குரியது. ஒலிநாடாவில் பதிவான பேச்சை மீண்டும் மீண்டும் கேட்டு எழுதினர். பேசுபவர் மூச்சுவிட்டு நிறுத்துமிடத்தில் வரியை முடித்தனர். இடப்பக்கம் டிலிங்கிட்டும் வலப்பக்கம் ஆங்கிலமும் நிற்கச் செய்தனர். கதை சொன்னவரின் பெயர், குலம், வாழ்க்கை ஆகியவற்றைப் பதித்தனர். அக்கதையைச் சொல்லும் உரிமை அவருக்கு எவ்வழி வந்தது என்பதையும் விளக்கினர். 1968இல் ஹூனா என்னும் ஊரில் நோராவின் பெரிய தந்தை ஜிம் மார்க்ஸுக்காக நடந்த நினைவு விருந்தின் சொற்பொழிவுகள் 1990இல்தான் நூலாயின. இருபத்திரண்டு ஆண்டுகள்! ஆய்வுப் பட்டத்திற்கு மூன்று ஆண்டுகளில் களப்பணியை முடித்துத் திரும்பும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுக் காண்க.

அவ்விருந்தில் ஜெஸ்ஸி டால்டன் என்னும் மூதாட்டி ஆற்றிய உரையே அந்நூலின் சிகரம் என்பது நம் கருத்து. துக்க வீட்டாருக்கு எதிர்ப்பிரிவினர் ஆறுதல் கூறுவது மரபு. விருந்தினர் தம் குலத்தின் பழைய மேலாடைகளையும் செதுக்கிய தலையணிகளையும் அணிந்து நிற்க, அம்மூதாட்டி அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்து, அவற்றை முன்பு அணிந்தவர்களே எழுந்து நின்று துக்கத்தைத் துடைப்பதாகப் பேசுகிறார். பொருள் இல்லையேல் அப்பேச்சுக்குப் பற்றுக்கோடு இல்லை; பேச்சு இல்லையேல் தலையணி வெறும் மரம். துக்க வீட்டில் நாம் ஆற்றும் உரைகளை நினைத்து நாணினோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முதல் நூலில் இறையியல் மாணவர் ஊன்றிக் கற்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. பனியாற்று விரிகுடா எனப்படும் இடத்தில் ஹூனா மக்களின் முன்னோர் வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து ஊரை அழித்தது. தனித்து வைக்கப்பட்டிருந்த காஸ்தீன் என்னும் கன்னிப்பெண், நாயை அழைப்பதுபோல் உலர்ந்த மீனைக் காட்டிப் பனியாற்றை அழைத்ததே காரணம் என்பது கதை. ஊரார் படகேறியபோது ஒருத்தி பின்தங்கி மாய்ந்தாள். யார் அவள்? ஏமி மார்வின் சொன்ன கதையில் காஸ்தீனே தங்குகிறாள். சூசி ஜேம்ஸ் சொன்ன கதையில், பிள்ளை பெறும் வயதினள் வாழட்டும் என்று அவளுக்குப் பதிலாக முதியவளான ஷாவட்சீக் தங்குகிறாள். பதிப்பாசிரியர்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்துச் செப்பனிடவில்லை. எது மூலம் எனத் தீர்ப்பும் கூறவில்லை. இரண்டையும் முழுமையாக அடுத்தடுத்து அச்சிட்டனர். நான்கு நற்செய்திகளை ஒன்றாக்கிய தாசியானை விடுத்து நான்கையும் தனித்தனியே காத்த பண்டைத் திருச்சபையின் தெளிவு இங்கு நினைவுக்கு வருகிறது.

இனிச் செதுக்குக் கலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். குலச்சின்னக் கம்பங்களை விக்கிரகங்கள் எனக் கருதிய மிஷனெரிகள் உண்டு. அவற்றை வெட்டி வீழ்த்திய ஊர்களும் உண்டு. அக்கம்பங்களை எவரும் வணங்கியதில்லை. ஒரு குலத்தின் பிறப்பையும், அது பெற்ற உரிமையையும், இறந்தோரின் நினைவையும் அவை சாற்றி நின்றன. செங்கேதுரு மரமே இதற்குச் சிறந்தது. வாய்ச்சியால் வடிவை ஒதுக்கி வளைந்த கத்தியால் நுணுக்குவர். கறுப்புக் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் உருவம் முழுவதும் அறுபடாமல் ஓடும், அதனுள் சிவப்பு, அதற்கும் உள்ளே நீலப்பச்சை. இந்த ஒழுங்கை பில் ஹோம் என்பார் 1965இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து விளக்கினார். 1938 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க வனத்துறை டிலிங்கிட், ஹைடா கலைஞர்களை வேலைக்கமர்த்தி, சிதைந்த கம்பங்களைப் பழுதுபார்த்தும் படியெடுத்தும் நிறுத்தியது. வேலையில்லாதோருக்குக் கூலி தரும் திட்டமாக வந்தது இது. எனினும் முதியவர் கையிலிருந்த வாய்ச்சி இளையவர் கைக்கு மாற இதுவே வாய்ப்பாயிற்று. 1938இல் பிறந்த நேதன் ஜாக்சன் பின்னாளில் கெச்சிகனுக்கு அருகே சாக்ஸ்மன் ஊரில் செதுக்கியும் மாணவரைப் பழக்கியும் இக்கலையின் மறுமலர்ச்சிக்குத் தூணாக விளங்கினார்.

மொழியின் நிலை அத்துணை நம்பிக்கை தருவதன்று. முதல்மொழியாகக் கற்ற முதியோர் இன்று நூற்றுக்கும் குறைவே. 2014இல் அலாஸ்கா அரசு இருபது சுதேச மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி வழங்கியது. சட்டம் இயற்றுவதால் குழந்தை பேசக் கற்பதில்லை. டாவென்ஹவர் தம்பதியர் 1998இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதனை ஒளிவின்றிக் கூறினர்: மொழி வேண்டும் என்று மேடையில் கூறுவோர் பலர், வீட்டில் பேசுவோர் சிலர். தாய்மொழியே பேய்க்குரியது என்ற அச்சம் சில கிறிஸ்தவர்களிடம் இன்னும் நீங்காதிருந்ததையும் அவர்கள் குறிப்பிட்டனர். பிரசங்க பீடத்திலிருந்து விதைக்கப்பட்ட அச்சம் அது. பேச்சாளர் எண்ணிக்கையைக் காட்டிலும் நம்மை வருத்துவது இதுவே.

ஆயினும் அதே திருச்சபையினின்று வேறொரு குரலும் எழுந்தது. 1908இல் பிறந்த வால்டர் சோபோலெஃப், டிலிங்கிட் தாயின் மகன். டுபுக் இறையியல் கல்லூரியில் பயின்று, குருத்துவ அபிஷேகம் பெற்று, 1940இல் ஜூனோ நகரின் மெமோரியல் பிரெஸ்பிட்டேரியன் சபைக்கு வந்தார். சுதேசிகளுக்கென அமைந்த அச்சபையின் கதவுகளை எல்லா இனத்தாருக்கும் திறந்தார். சபை வளர்ந்துகொண்டிருக்கையிலேயே 1963இல் மேலிடத்தார் அதனை மூடினர். வெள்ளையர் சபைக்கு வேறு கட்டடம் எழுந்தது. சோபோலெஃப் கசந்து விலகவில்லை. தம் மக்களின் மொழியையும் பண்பாட்டையும் கற்பிப்பதில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டு, சீலாஸ்கா பாரம்பரிய அமைப்பின் ஆட்சிக்குழுத் தலைவராகவும் இருந்து, 2011இல் தம் 102ஆம் வயதில் மறைந்தார். 2023 அக்டோபரில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையார் ஜூனோவில் கூடி, 1963இல் செய்ததற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, ஏறத்தாழ 10 லட்சம் டாலர் ஈடாக அளிக்க உறுதி கூறினர். அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன; சோபோலெஃப் அதனைக் காண உயிரோடில்லை.

பனியாறு விரட்டிய மக்களின் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. பனி பின்வாங்கிய பின்னர் அவ்விரிகுடா 1925இல் அரசின் பாதுகாப்பு நிலமாக்கப்பட்டது. முன்னோர் மண்ணில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் ஹூனா மக்களுக்குத் தடைகள் எழுந்தன. நெடுங்காலப் பிணக்குக்குப் பின் பூங்கா நிர்வாகமும் ஹூனா மக்களும் உடன்பட்டு, அங்கே ஒரு குலமனை எழுப்பத் துணிந்தனர். கார்டன் கிரீன்வால்ட், ஓவன் ஜேம்ஸ், ஹெர்ப் ஷீக்லி என்னும் கலைஞர்கள் ஹூனாவின் செதுக்குக் கொட்டகையில் பல ஆண்டுகள் உழைத்தனர். எந்தச் சின்னம் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதியோரைக் கேட்டே முடிவு செய்தனர். 2016 ஆகஸ்டில், குடைந்தெடுத்த மரப்படகுகளில் மக்கள் துடுப்பு வலித்து வந்து கரையிறங்க, நான்கு குலங்களின் தூண்களைக் கொண்ட அம்மனை திறக்கப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹூனா ஷுகா ஹிட்': ஹூனா முன்னோரின் இல்லம்.