கதீஜா எனும் பெயர்

அண்மையில் நண்பர் ஒருவர் மனக்கலக்கத்தோடு நம்மிடம் வந்தார். எட்டாம் மாதத்திலேயே பிறந்து, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்கப்பட்டுப் பிழைத்த தம் பேர்த்திக்குக் கதீஜா எனப் பெயர் சூட்டியிருந்தார். ‘அப்பெயருக்கே குறைமாதத்தில் பிறந்தவள் என்றுதான் பொருள், வேறு நல்ல பெயராக வையுங்கள்’ என்று யாரோ சொல்லிவிட, பிள்ளையைப் பெற்ற மகள் அன்று முழுதும் உணவு கொள்ளவில்லையாம். ‘சொன்னது மெய்தானா?’ என்று கேட்டார்.

மெய்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் அது பாதி மெய்.

கா, தால், ஜீம் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் இது. ஒட்டகம் வளர்த்து வாழ்ந்த அரபிகளின் பேச்சில் ஊறியது. பெண் ஒட்டகம் நாள் நிரம்புமுன் கன்று ஈன்றால் ‘கதஜத்’ என்பர். கன்று முழு உருவத்தோடு இருப்பினும் அப்படியே சொல்வர். நாள் நிரம்பியும் உருக்குறையோடு ஈன்றால் ‘அக்தஜத்’ என்பர். முன்னதன் கன்று ‘கதீஜ்’. பின்னதன் கன்று ‘முக்தஜ்’. 1311இல் மறைந்த இப்னு மன்ளூரின் ‘லிஸானுல் அரப்’ எனும் பேரகராதி இவ்வேறுபாட்டைத் தெளிவாகத் தருகிறது. கதீஜ் என்பதில் குறைவது நாள், உருவன்று.

இவ்வேரில் குறை என்ற பொருளே இல்லையென நாம் வாதாடவில்லை. ஃபாத்திஹா ஓதப்படாத தொழுகையை ‘கிதாஜ்’, அதாவது நிறைவுறாதது, என்றே ஹதீஸ் குறிக்கிறது. ஆயினும் பிறப்பின் நிலையைக் கொண்டு பிள்ளைக்குப் பெயரிடுவது அரபிகளிடம் இருந்த வழக்கம். அதில் அவர்கள் இழிவு காணவில்லை. ஆண்களுக்கும் இப்பெயர் உண்டு. நபித்தோழர் ராஃபிஉ (ரலி) அவர்களின் தந்தை பெயர் கதீஜ் என்பதே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீய பொருளுடைய பெயர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு ஆஸியா, அதாவது மாறு செய்பவள், என்று பெயர் இருந்தது. அதை ஜமீலா என மாற்றினார்கள். (ஃபிர்அவ்னின் மனைவியார் ஆஸியா வேறு, அரபியில் எழுத்தே வேறு. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன!) பர்ரா எனும் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். அத்தகைய பெருமானார், 595ஆம் ஆண்டளவில் மணம் புரிந்து 619இல் மக்காவில் மறையும் வரை தம்மோடு வாழ்ந்த அன்னையாரின் பெயரை மாற்றவில்லை. குறைஷியரின் பெருவணிகரும், இஸ்லாத்தை முதன்முதல் ஏற்றவருமான அப்பெருமாட்டி கதீஜாவாகவே வாழ்ந்து கதீஜாவாகவே மறைந்தார்கள்.

இன்றும் அரபு நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு வழங்கும் சொல் இதுவே. 2023 நவம்பரில் காஸாவின் அஷ்ஷிஃபா மருத்துவமனையிலிருந்து 31 குறைமாதக் குழந்தைகள் வெளியே கொண்டு செல்லப்பட்டபோது, அரபுச் செய்திகளில் திரும்பத் திரும்ப ஒலித்தது ‘குத்தஜ்’ என்ற இதன் பன்மைதான்.

இவ்வளவையும் கேட்ட நண்பர், ‘இதை அப்படியே என் மகளிடம் வந்து சொல்ல வேண்டும்’ என்றார். மறுநாள் சென்று சொன்னோம். பிள்ளை மடியில் உறங்கிக்கொண்டிருந்தது. பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை என்றார்கள். ‘கதிஜா’ என்று குறிலாக எழுதிவிடுவார்கள். ‘தீ’ நெடில்தான் என்று சொல்லி, ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.