பல்லைக் கடித்தால் மூடும் கண்

முகவாதம் என்றதும் கோணிய வாயே நம் நினைவுக்கு வருகிறது. மருத்துவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை, மூடாத இமை. இமைக்காத கண் உலரும்; கருவிழியில் புண் விழும்; புண் தழும்பானால் பார்வை மங்கும். சாதாரண முகவாதத்தில் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் நரம்பு மீண்டுவிடுகிறது. அதுவரை சொட்டு மருந்தும், இரவில் கண்ணை மூடி ஒட்டும் பட்டையும் பெரும்பாலும் போதும்.

தொழுநோயில் நிலைமை வேறு. இமையை மூடும் நரம்போடு கருவிழியின் உணர்ச்சி நரம்பும் பழுதாகலாம். தூசி விழுந்தாலும் அக்கண் உறுத்தாது. விரல்களிலும் உணர்ச்சி இழந்தவர், அடுப்பின் நெருப்பைக் கண்ணால் பார்த்தே கையைக் காத்துக்கொள்கிறார். அவருக்குப் பார்வையும் போனால் எஞ்சுவது என்ன?

இமைகளின் ஓரத்தைச் சேர்த்துத் தைப்பதே பழைய வழி. கண் பிழைக்கும், பார்வைப் பரப்பு குறுகும். 1934இல் பிரிட்டனின் ஹெரால்டு கில்லீஸ் வேறு வழி சொன்னார். மெல்லும்போது நெற்றிப்பொட்டில் புடைக்கிறதே, அந்தத் தசையை இயக்குவது முக நரம்பு அன்று. ஐந்தாம் மூளை நரம்பு. அத்தசையின் ஒரு கீற்றைத் திருப்பி, அதன் உறையை இமைகளின் வழியே இழுத்துக் கண்ணின் உள்மூலையில் பொருத்தினால், பல்லைக் கடிக்கும்போது கண் மூடும். தொழுநோய்க் கிருமி தோலை ஒட்டிய, குளிர்ந்த நரம்புகளையே நாடுவதால் ஆழத்திலுள்ள அந்நரம்பு பொதுவாகத் தப்பிவிடுகிறது. கில்லீஸிடம் பயின்ற நோஷிர் அந்தியா புனே அருகிலுள்ள கோண்ட்வாவில் தொழுநோயாளர்க்கு முகச் சீரமைப்பு அறுவைகள் செய்தார். வேலூரை அடுத்த கரிகிரியில் கண் மருத்துவர் மார்கரெட் பிராண்ட் அவர்களின் கண்களைக் கவனித்தார்.

வரலாறு பெரும்பாலும் கத்தி பிடித்தவர்களின் பெயர்களையே குறித்து வைத்திருக்கிறது. ஆனால் தையல் பிரித்த பிறகுதான் பெரும்பாடு தொடங்குகிறது. உலர்ச்சியை உணராத கண், இமைக்கச் சொல்லி நினைவூட்டாது. நோயாளியே நாள் முழுதும் நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்கப் பழக வேண்டும். உண்ணும்போதோ கண் தானாகச் சிமிட்டும். பந்தியில் எதிரே அமர்ந்தவர் வியந்து பார்ப்பதையும் அவர் தாங்க வேண்டும். கண்ணாடியின்முன் அமர்த்தி இதைப் பழக்கிய இயன்முறைப் பயிற்சியாளர்களின் பங்கு இன்னும் உரிய அளவில் எழுதப்படவில்லை என்பது என் எண்ணம்.

1982க்குப் பின் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொல்கிறது. செத்த நரம்பை உயிர்ப்பிப்பதில்லை. இமைத் தளர்ச்சி தொடங்கி ஆறு மாதங்களுக்குள் வந்தவர்க்கு ஸ்டீராய்டு மாத்திரை பலனளிக்க வாய்ப்புண்டு. தாமதித்தவர்க்கு இன்றும் அறுவையும், அந்தப் பல்கடிப் பயிற்சியுமே எஞ்சுகின்றன.