பஞ்சமும் மனநோயும்: மலைநாட்டு வரலாறு உணர்த்துவது

ஒரு குடும்பத்தில் தாய்க்கும் மகனுக்கும் மனநோய் காணின், அதனைக் குலத்தின் குறை எனக் கூறுதல் நம்மவரிடை நெடுநாள் வழக்கு. அவ்வழக்கு எத்துணைப் பொருந்தும் என ஆராய்வார், அக்குலத்தார் பட்ட துயரின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் 1820களில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை கடந்து கால்நடையாகக் கண்டியை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. 1869இல் இலைநோய் கோப்பியைப் பற்றிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. பின்னர், 1974இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் இறப்பு வீதம் மிக உயர்ந்தது. இக்காலங்களிலெல்லாம் பசியோடு கருச்சுமந்த தாய்மார் எத்துணையரோ!

தாயின் பசி சேயின் மனத்தையும் தாக்குமோ? ஒல்லாந்தின் வரலாறு இதற்கு ஒளி தருகின்றது. 1944-45 மாரிகாலத்தில் ஜேர்மானியர் உணவு வரத்தைத் தடுத்தமையால் அந்நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியுற்றது. பஞ்சம் உச்சமுற்ற வேளையிற் கருவானோரிடை மனச்சிதைவு நோய் ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது. அப்பஞ்சத்திற் கருவானோரின் வளர்ச்சிக்குரிய பரம்பரையலகு ஒன்றில், அவர்தம் உடன்பிறந்தாரிலும் மெதைற் கூட்டங்கள் குறைந்திருந்தமையை 2008இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பரம்பரையலகு ஏட்டின் எழுத்தாயின், மெதைற் கூட்டம் அவ்வெழுத்தின்மேல் வைத்த திரை போன்றது. எழுத்து மாறுவதில்லை, படிக்கப்படும் அளவே மாறும். இம்மாற்றமே நோய்க்குக் காரணம் என்பது இதனால் நிறுவப்படவில்லை. எனினும், வாழ்க்கைத் துன்பம் உயிரணுவிற் சுவடு பதிக்கும் என்பது தெளிவாயிற்று.

அச்சுவடு அழியாததோ? மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட எலி ஆய்வு அன்று என்கின்றது. தாயால் மிகுதியாக நக்கி வளர்க்கப்படாத குட்டிகளில், அழுத்த ஓமோனை ஏற்கும் பரம்பரையலகு அடங்கிக் கிடந்தது. அத்தகைய தாயின் குட்டியைப் பரிவுள்ள பிறிதொரு தாய் வளர்க்க, அப்பரம்பரையலகு நன்கு தொழிற்பட்டது.

நோயிற் பரம்பரைக்கும் பங்குண்டு. ஒல்லாந்தரிடம் கண்டதை மலைநாட்டார்மேல் அவ்வாறே ஏற்றுதலும் தகாது. ஆயினும், பசியும் இடப்பெயர்வும் விளைத்த கேட்டைக் குலத்தின்மேற் சுமத்துதல் நீதியன்று. கருவுற்ற தாய்க்கு உணவும், குழந்தைக்கு அரவணைப்பும், நோயுற்றார்க்குப் பழியற்ற மருத்துவமும் அளித்தலே அறிவுடைய சமுதாயத்தின் கடனாகும்.