சொல்லும் சின்னமும்

எழுத்தறியாதார்க்கு எழுத்தால் மட்டும் செய்தி சொல்லுதல் இயலாது. படத்தை மட்டும் காட்டினாலோ பெயர் தெரியாது. இவ்விரண்டையும் இணைக்க நம் நாடு கற்றுக்கொண்ட வரலாறே தேர்தல் சின்னங்களின் வரலாறு.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 17 கோடிப் பேர். அந்நாளில் எழுத்தறிந்தோர் 100-க்கு 18 பேர் அளவே. கற்றோர்க்கே வாக்கு என விதித்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும். நாட்டின் பெரும்பகுதி வாய்மூடி நின்றிருக்கும். அவ்வாறு செய்யவில்லை. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நடத்திய அத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி, பெட்டிமீது சின்னம். நுகம் பூட்டிய காளைகள், ஆலமரம், குடிசை, கதிர் அரிவாள், விளக்கு ஆகிய யாவும் பாமரரும் கண்டவுடன் அறிபவை. சீட்டில் வேட்பாளர் பெயரே இல்லை. விரும்பிய பெட்டியில் இடுவதே வாக்கு.

1962 பொதுத் தேர்தலில் பெரும்பாலான தொகுதிகளில் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் அருகருகே அமைந்தன. முத்திரையிட்டால் போதும், பல பெட்டிகள் வேண்டாவாயின. ஒரே பெயருடையோர் பலர் போட்டியிடுங்கால் மயக்கம் நேராதிருக்க, 2015 முதல் வேட்பாளரின் நிழற்படமும் சேர்ந்தது.

பிழைப்பை நாடிப் பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறிய நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். தமிழை நன்கு கற்ற நம் வீட்டு முதியோரும் இவ்வூர் எழுத்தின் முன் எழுத்தறியாதாரே. பிறரைப் படிக்கச் சொன்னால் வாக்கின் மறைவு எங்ஙனம் நிலைக்கும்? எவர் துணையுமின்றி அவர்கள் தம் உரிமையைச் செலுத்தச் செய்வது அச்சிறு படமே அன்றோ!