மனப்பதற்றமும் இளையோர் குடியும்: மரபணுப் பங்கு

மனப்பதற்றமும் வரம்பு மீறிய குடியும் குடும்பங்களில் தொடர்ந்து வருவதில் மரபணுவுக்குப் பங்குண்டு என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டின. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அப்பங்கு குடிநோய்க்கு ஏறத்தாழ 50 விழுக்காடு. பதற்ற நோய்களுக்கு 30 முதல் 50 வரை. இது மக்கள்தொகைக்கான கணக்கு, தனியொருவருக்கான சோதிடம் அல்ல. சூழல் மாறினால் கணக்கும் மாறும். பின்லாந்து இரட்டையர் ஆய்வில், 16 முதல் 18 வயதினரின் குடியில் மரபணுச் செல்வாக்கு கிராமத்தைவிட நகரத்தில் கூடுதலாகத் தெரிந்தது. கண்காணிப்பு தளரும் இடத்தில் பிறவிச் சாய்வு தலைதூக்குகிறது போலும்.

குடிநோயைப் பொறுத்தவரை, தனி மரபணுக்களில் உறுதியான சான்று உள்ளது ஏஎல்டிஎச்2 என்ற மரபணுவுக்கு. கிழக்காசியர் பலரிடம் உள்ள அதன் ஒரு வடிவம், மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை உடலில் தேங்கவிடுகிறது. ஒரு கோப்பையிலேயே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். ஆகவே அவர்கள் குடிநோய்க்கு ஆளாவது குறைவு. பதற்றத்துக்கு இப்படி ஒற்றை மரபணு கிடையாது. பதற்றத்தோடு தொடர்புபடுத்தி 1996இல் பேசப்பட்ட செரட்டோனின் கடத்தி மரபணு, பிந்தைய பெரிய ஆய்வுகளில் அவ்வளவாக நிலைக்கவில்லை. எண்ணற்ற சிறு மாற்றங்கள் சேர்ந்தே சாய்வை உண்டாக்குகின்றன. அவற்றுள் சில குடிநோய்க்கும் பொதுவானவை. மரபணுவுக்கு அப்பால், பழக்கமும் இரண்டையும் பிணைக்கிறது: பதற்றம் தணியக் குடிப்பவருக்கு, போதை இறங்கியதும் பதற்றம் முன்னிலும் கூடலாம்.